நெட்புக்: ஒரு சிறு மடிக்கணினியின் வரலாறும் மறுவாழ்வும்

நெட்புக் என்பது ஏழு முதல் பத்து அங்குலம் வரையிலான திரை, ஒரு கிலோவை ஒட்டிய எடை, குறைந்த விலை ஆகியவற்றைக் கொண்ட சிறு மடிக்கணினி வகையாகும். 2007ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த இவ்வகைக் கணினிகள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உலகெங்கும் பரவின. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்னணி நிறுவனங்கள் இவற்றின் தயாரிப்பை நிறுத்திவிட்டன. சந்தையில் இவை இருந்த காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே. ஆனால் அப்போது வாங்கப்பட்டவற்றுள் பல இன்றும் வீடுகளின் பரண்களிலும் மேசை இழுப்பறைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி, நினைவகம் கூட்டப்பட்டும் எளிய மென்பொருள் நிறுவப்பட்டும் இன்றும் வேலை செய்கின்றன.

ஒரு கணினி எப்போது பழையதாகிறது என்ற கேள்விக்கு நெட்புக்கின் வரலாறு தெளிவான விடை தருகிறது. இக்கருவிகளில் பெரும்பாலானவை உடைந்து ஓய்ந்தவை அல்ல. உரிம ஒப்பந்தங்களில் எழுதப்பட்ட வரம்புகளும், ஆண்டுதோறும் பருத்துவந்த மென்பொருள்களுமே அவற்றை மூலையில் வைத்தன. அவற்றை மீட்டவை, கழற்றக்கூடிய சில திருகாணிகளும் தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள்களும் ஆகும்.

முன்னோடிகள்

குழந்தைகள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கணினி என்ற எண்ணம் மிகப் பழையது. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் கே, 1972ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் டைனாபுக் என்ற கருவியைக் கற்பனை செய்து விவரித்தார். புத்தக அளவில், திரையும் விசைப்பலகையும் கொண்டதாக, எல்லா வயதுக் குழந்தைகளும் பயன்படுத்தத் தக்கதாக அது இருக்க வேண்டும் என்றார். அன்றைய தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய இயலவில்லை.

1996ஆம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா நிறுவனம் லிப்ரெட்டோ 20 என்ற கணினியை வெளியிட்டது. 6.1 அங்குலத் திரையும் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையும் கொண்ட அது, முழுமையான விண்டோஸ் கணினி. 1999ஆம் ஆண்டு பிரித்தானியாவின் சயான் நிறுவனம் தன் சிறு கணினி ஒன்றுக்கு நெட்புக் என்றே பெயரிட்டது. இவை அளவில் சிறியவை என்றாலும் விலையில் சிறியவை அல்ல. சிறிதாக்குவதற்கென்றே கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. பயணம் செய்யும் அலுவலர்களே இவற்றை வாங்கினர்.

இந்த நிலையை மாற்றிய திட்டம் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்பதாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டே 2005ஆம் ஆண்டு இதனை அறிவித்தார். 100 டாலர் விலையில் வளரும் நாடுகளின் குழந்தைகளுக்குக் கணினி வழங்குவது அதன் நோக்கம். இத்திட்டத்தின் எக்ஸ்ஓ-1 என்ற பச்சை நிறக் கணினி 2007ஆம் ஆண்டு நவம்பரில் பெருமளவு தயாரிப்புக்கு வந்தது. 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், 1 ஜிபி சேமிப்பகம், வெயிலிலும் படிக்கக்கூடிய 7.5 அங்குலத் திரை ஆகியன அதன் உறுப்புகள். வன்தட்டு இல்லை, மின்விசிறியும் இல்லை. அதைக் குழந்தைகளே கழற்றிப் பழுதுபார்க்கலாம் என்று எதிர்பார்த்த வடிவமைப்பாளர்கள், கைப்பிடிக்குள் உதிரித் திருகாணிகளையும் வைத்திருந்தனர்.

விலை 100 டாலருக்கு இறங்கவே இல்லை. எதிர்பார்த்த எண்ணிக்கையில் நாடுகளும் வாங்கவில்லை. இந்திய அரசு 2006ஆம் ஆண்டிலேயே இத்திட்டத்தை ஏற்க மறுத்தது. உருகுவே நாடு 2009ஆம் ஆண்டுக்குள் தன் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் இதனை வழங்கியது. ஆயினும் மலிவான சிறு கணினிக்கு உலகில் தேவை இருக்கிறது என்பதைக் கணினி நிறுவனங்களுக்கு உணர்த்தியது இந்தத் திட்டமே.

ஈ பிசி 701

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைவான் தலைநகர் தாய்பெயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏசஸ் நிறுவனம் ஈ பிசி என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் தைவானில் விற்பனை தொடங்கியது. 199 டாலரிலிருந்து கிடைக்கும் என்று முதலில் பேசப்பட்டாலும், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 4 ஜிபி வடிவின் விலை 399 டாலராக இருந்தது. அன்றைய சிறு மடிக்கணினிகளின் விலையோடு ஒப்பிட்டால் இதுவும் மிகக் குறைவே.

701 என்ற அந்த முதல் வடிவின் உறுப்புகள் இன்று வியப்பளிக்கும் அளவுக்கு எளியவை. 800க்கு 480 புள்ளிகள் கொண்ட ஏழு அங்குலத் திரை, 512 எம்பி நினைவகம், வன்தட்டுக்குப் பதிலாக 4 ஜிபி திண்மநிலைச் சேமிப்பகம், 0.92 கிலோ எடை. அதிலிருந்த இன்டெல் செலரான் செயலி 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உரியது. மின்சாரமும் சூடும் குறைய வேண்டி 630 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மட்டுமே அது இயக்கப்பட்டது.

இயங்குதளம் சாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ் வழங்கல். பெரிய பெரிய படக்குறிகளைத் தொட்டால் இணையம், கடிதம், பாடம், விளையாட்டு என்று திறக்கும். அதன் சேமிப்பக அமைப்பு குறிப்பிடத்தக்கது. மூல மென்பொருள் முழுவதும் மாற்ற முடியாத ஒரு பகுதியில் இருந்தது. பயனர் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் வேறொரு அடுக்கில் பதிந்தன. வகுப்பில் அச்சிட்ட நிலப்படத்தின் மேல் எண்ணெய்த்தாளை விரித்து ஆறுகளை வரைவோம் அல்லவா? தவறு நேர்ந்தால் தாளை எடுத்துவிடலாம். அடியிலுள்ள படம் கெடாது. அதுபோலவே, கணினி இயங்கத் தொடங்கும்போது எஃப்9 விசையை அழுத்தினால் மேலடுக்கு நீங்கி, வாங்கிய நாளின் நிலைக்கு 701 திரும்பிவிடும்.

கழற்றலாமா?

701இன் அடிப்பக்கத்தில் சிறு கதவு ஒன்று உண்டு. அதன் திருகாணிகளைக் கழற்றினால் நினைவகச் சில்லு கைக்கு வரும். தொடக்கத்தில் விற்கப்பட்ட கணினிகளில், அக்கதவைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற ஒட்டுத்தாள் இருந்தது. உறுப்பு மாற்றத்தைக் காரணமாகக் காட்டி உத்தரவாதத்தை மறுப்பது அமெரிக்க நுகர்வோர் சட்டத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. நினைவகத்தை மாற்றுவதால் உத்தரவாதம் போகாது என்று நிறுவனம் பின்னர் விளக்கமளித்தது.

512 எம்பிக்குப் பதிலாக 2 ஜிபி சில்லைப் பொருத்தியவர்கள் மற்றொரு வியப்பைச் சந்தித்தனர். வன்பொருள் 2 ஜிபியை ஏற்றுக்கொண்டது. உடன் வந்த இயங்குதளமோ ஏறத்தாழ 1 ஜிபியை மட்டுமே கண்டது. அதன் கருநிரல் அப்படி அமைக்கப்பட்டிருந்தது. மூலநிரல் கிடைத்ததால் பயனர்கள் கருநிரலைத் தாங்களே மறுபடி தொகுத்து முழு நினைவகத்தையும் பயன்படுத்தினர். 630 மெகாஹெர்ட்ஸில் கட்டப்பட்டிருந்த செயலியை 900க்குக் கொண்டுவரும் சிறு நிரல்களையும் எழுதினர். எஸ்டி அட்டையிலிருந்தே வேறு இயங்குதளங்களை இயக்கிப் பார்த்தனர். கருவி வெளியான சில மாதங்களிலேயே அதன் மறுவாழ்வுக்கான கலை உருவாகிவிட்டது எனலாம்.

ஆட்டம் செயலியும் உரிம வரம்பும்

2008ஆம் ஆண்டு மார்ச்சில் இன்டெல் நிறுவனம் ஆட்டம் என்ற செயலி வரிசையை அறிவித்தது. நெட்புக் என்ற சொல்லை இவ்வகைக் கணினிகளுக்கான பொதுப்பெயராக்கியதும் அந்நிறுவனமே. பெயருக்கு உரிமை கொண்டாடிய சயான் நிறுவனத்துக்கும் இன்டெல், டெல் நிறுவனங்களுக்கும் இடையே எழுந்த வழக்கு 2009ஆம் ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

ஆட்டம் என்270 செயலி 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 2.5 வாட் வெப்ப அளவும் கொண்டது. அதைச் சுற்றி ஏசர் ஆஸ்பயர் ஒன், எம்எஸ்ஐ விண்ட், டெல் மினி 9, லெனோவோ எஸ்10, சாம்சங் என்சி10 எனப் பல கணினிகள் ஒரே ஆண்டில் வந்தன. திரை 8.9 அங்குலமாகவும் பின்னர் 10 அங்குலமாகவும் வளர்ந்தது. 1024க்கு 600 புள்ளிகள் என்பது பொது அளவாயிற்று.

முதலில் வந்தவற்றுள் பல லினக்ஸில் இயங்கின. இது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு நெருக்கடியை உண்டாக்கியது. அதன் புதிய இயங்குதளமான விஸ்டா இச்சிறு கணினிகளுக்கு மிகக் கனமானது. பழைய எக்ஸ்பியைப் புதுக்கணினிகளுக்கு வழங்குவதை 2008 ஜூன் 30உடன் நிறுத்த நாள் குறித்தாகிவிட்டது. எனவே நெட்புக்குகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் தொடரும் என்று 2008 ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் சலுகை விலை உரிமத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. நினைவகம் 1 ஜிபிக்கு மேற்படக் கூடாது. திரையின் அளவுக்கும் வன்தட்டின் அளவுக்கும் வரம்பு உண்டு.

இதனால்தான் வெவ்வேறு நிறுவனங்களின் நெட்புக்குகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தன. என்270 செயலியோடு வந்த சில்லுத்தொகுதி 2 ஜிபி நினைவகத்தைத் தாங்கும். கடையிலோ 1 ஜிபியுடன் மட்டுமே கிடைத்தது. குறை பொறியியலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும் இதே வழியில் சென்றது. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூடப் பயனர் மாற்ற முடியாது.

வீழ்ச்சி

2010 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபேடை அறிமுகப்படுத்தியது. படுத்துக்கொண்டு படம் பார்க்கவும் இணையத்தில் உலவவும் விரும்பியவர்கள் பலகைக்கணினிகளின் பக்கம் போயினர். 2011இல் குரோம்புக்குகளும் அல்ட்ராபுக்குகளும் வந்தன. நெட்புக்கின் செயலியோ மூன்று ஆண்டுகளில் பெரிதாக வேகம் பெறவில்லை. விலை குறைவு என்பதற்காக வாங்கியவர்கள், முழு மடிக்கணினியைப் போல அது வேலை செய்யும் என்று எதிர்பார்த்து ஏமாந்தனர். ஏசஸ், ஏசர் ஆகிய இரு நிறுவனங்களும் விலகியதோடு நெட்புக்கின் சந்தைக் கதை முடிந்தது.

2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவும் நின்றது. அன்று முதல் எக்ஸ்பியுடன் இணையத்தில் உலவுவது பாதுகாப்பற்றதாயிற்று. ஆறு வயதே ஆன, எந்தப் பழுதும் இல்லாத கணினிகள் பல அதன்பின் பரணுக்குப் போயின.

மறுவாழ்வு: வன்பொருள்

பழைய நெட்புக்கை மீட்பதில் முதற்படி நினைவகம். 1 ஜிபி சில்லை எடுத்து 2 ஜிபி சில்லைப் பொருத்துவது மிகுந்த பயன் தரும். என்270, என்450 செயலிகளுள்ள கணினிகளில் பெரும்பாலும் டிடிஆர்2 வகைச் சில்லும், என்455 உள்ளவற்றில் டிடிஆர்3 வகைச் சில்லும் இருக்கும். இவ்விரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. சில வடிவங்களில் நினைவகத்தின் ஒரு பகுதி பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆஸ்பயர் ஒன் கணினியின் 8 ஜிபி வடிவில் 512 எம்பி நிலையானது. எனவே அதை 1.5 ஜிபி வரையே உயர்த்தலாம்.

கழற்றும் எளிமையும் வடிவத்துக்கு வடிவம் மாறும். டெல் மினி 9இன் அடிமூடியில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் நினைவகம், சேமிப்பகம், கம்பியில்லா இணைப்பட்டை மூன்றையும் காணலாம். முதல் ஆஸ்பயர் ஒன்னிலோ விசைப்பலகை தொடங்கி மதர்போர்டு வரை எடுத்தால்தான் நினைவகச் செருகிடத்தை அடைய முடியும். இன்று இரண்டில் எது பயன்பாட்டில் இருக்கும், எது பரணில் இருக்கும் என்பதை இந்த வேறுபாடே பெரிதும் முடிவு செய்கிறது.

இரண்டாவது படி சேமிப்பகம். வன்தட்டு உள்ள நெட்புக்குகள் பலவற்றில் 2.5 அங்குல சாட்டா இணைப்பு உண்டு. விலை குறைந்த எஸ்எஸ்டி ஒன்றை அதில் பொருத்தலாம். என்270 காலச் சில்லுத்தொகுதியின் சாட்டா இணைப்பு நொடிக்கு 150 எம்பி அளவையே கடத்தும் என்பதால் விலையுயர்ந்த எஸ்எஸ்டி வாங்குவதில் பயனில்லை. ஆனால் சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் நேரம் வெகுவாகக் குறையும். அதிர்ச்சியில் பழுதாகும் சுழல் பாகமும் இருக்காது. 701 போல 4 ஜிபி பற்றவைக்கப்பட்ட கணினிகளில் எஸ்டி அட்டையைத் துணைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். பழைய திண்மநிலைச் சேமிப்பகங்களில் எழுதும் வேகம் குறைவு. எனவே கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடுவதும், இயக்கப் பதிவேடுகளை நினைவகத்திலேயே வைப்பதும் நல்லது.

மூன்றாவது, மின்கலமும் மின்னேற்றியும். நெட்புக்கின் மின்கலம் வெளியிலிருந்தே தாழ்ப்பாளைத் தள்ளி எடுக்கக்கூடியது. இன்றைய மெல்லிய கணினிகளில் இந்த வசதி அரிது. மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது. தனியே எடுத்து மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்க வேண்டும். மின்கலம் இல்லாமலும் பல நெட்புக்குகள் நேர்மின்சாரத்தில் இயங்கும். மின்னேற்றியை மாற்றும்போது எச்சரிக்கை தேவை. 701க்கு 9.5 வோல்ட், ஈ பிசி 901க்கு 12 வோல்ட், ஆஸ்பயர் ஒன்னுக்கு 19 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. கணினியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் நீக்குவதும், செயலியின் மேலுள்ள காய்ந்த வெப்பப் பசையை மாற்றுவதும் செலவில்லாத மேம்பாடுகள்.

மறுவாழ்வு: எளிய மென்பொருள்

வன்பொருளை இரட்டிப்பாக்கினாலும் 2 ஜிபி என்பது இன்று சிறிய அளவே. எனவே மீதி வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். இத்துறையில் நெட்புக்குக்கு முன்பே உழைத்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பேரி கௌலர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட பப்பி லினக்ஸ், முழுவதுமாக நினைவகத்தில் ஏறி இயங்கும். பயனரின் வேலை மட்டும் ஒரு கோப்பில் சேமிக்கப்படும். டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குள் அடங்கியது. டைனி கோர் அதிலும் சிறியது.

தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006ஆம் ஆண்டு தொடங்கிய எல்எக்ஸ்டிஇ என்ற மேசைத்தளம் நெட்புக்குகளுக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. லுபுண்டு அதைக் கொண்டே உருவானது. பின்னர் ராஸ்பெரி பை கணினியின் மேசைத்தளத்துக்கும் அதுவே அடிப்படையாயிற்று. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் என்ற மெலிந்த சாளர மேலாளருடன் இன்றும் பழைய கணினிகளுக்காகவே தொகுக்கப்படுகிறது.

லினக்ஸ் கருநிரலில் உள்ள இசட்ரேம் என்ற வசதியும் பெரிதும் உதவும். நினைவகம் நிரம்பும்போது, பயன்பாட்டில் இல்லாத பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பாமல் சுருக்கி நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது அதன் வேலை. கம்பளிப் போர்வைகளை அழுத்திக் கட்டி அலமாரியில் இடம் உண்டாக்குவதற்கு அதை ஒப்பிடலாம். கட்டவும் அவிழ்க்கவும் செயலிக்குச் சற்று வேலை கூடும். ஆனால் வன்தட்டுக்குப் போய்வரும் காத்திருப்பு மிச்சமாகும்.

உண்மையான சுமை இணைய உலாவியில்தான் இருக்கிறது. இயங்குதளம் 200 எம்பியில் அடங்கினாலும், இன்றைய வலைத்தளங்கள் சிலவற்றைத் திறந்தால் மீதி நினைவகம் முழுவதும் தீர்ந்துவிடும். விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துவது, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தாவல்களோடு நிறுத்திக்கொள்வது, காணொலியை உலாவிக்கு வெளியே எம்பிவி போன்ற இயக்கியில் குறைந்த தெளிவில் பார்ப்பது ஆகியன அனுபவத்தில் கண்ட வழிகள். என்270 கணினிகளின் வரைவியல் சில்லால் இன்றைய காணொலி வடிவங்களை விரித்துக் காட்ட முடியாது. எல்லாச் சுமையும் செயலியின் மேலேயே விழும்.

600 புள்ளி உயரமே உள்ள திரையில் சில உரையாடல் பெட்டிகளின் 'சரி' பொத்தான் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தைச் சுட்டியால் மேலே இழுத்தால் பொத்தான் தெரியும். சிறிய விவரம்தான், தெரியாதவர்கள் கணினியே கெட்டுவிட்டது என்று எண்ணிக் கைவிட்டதும் உண்டு.

சிறு கணினியில் தமிழ்

தமிழ் படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் வேறொரு சோதனை உண்டு. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்து, ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. ஒற்றைக்கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் வைத்துத் திரையில் வரைவது எழுத்து வடிவமைப்பு நிரலின் பணி. எக்ஸ்பியில் லதா எழுத்துரு இருந்தாலும், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டும். அதற்குப் பல கணினிகளில் நிறுவல் குறுவட்டைக் கேட்கும். நெட்புக்கிலோ குறுவட்டு இயக்ககமே கிடையாது.

எடை குறைப்பதற்காக இந்த வடிவமைப்பு நிரலையும் விட்டுவிட்ட மிக மெலிந்த மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எனவே தமிழ்ப் பயனர்கள் இருப்பதிலேயே சிறியதைத் தேடாமல், பாங்கோ அல்லது ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் சிறியதைத் தேட வேண்டும். ஆன்டிஎக்ஸ், லுபுண்டு போன்றவற்றில் லோகித் தமிழ் போன்ற எழுத்துரு ஒன்றையும், ஐபஸ், எம்17என் தொகுப்புகளையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சிடலாம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் பயனாக உருவான அந்த விசைமுறைக்கு இந்த எளிய கணினியே போதுமானது.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் நெட்புக் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை பெரிய திரை கொண்டவை. ஆனால் பல வீடுகளில் அவையும் இன்று மூடியே கிடக்கின்றன. நினைவகம், எஸ்எஸ்டி, எளிய லினக்ஸ் என்ற இதே மூன்று படிகள் அவற்றுக்கும் பொருந்தும். அவற்றின் செயலிகள் நெட்புக்கைவிட வலியவை என்பதால் பலன் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

32 பிட் எல்லை

எந்த மறுவாழ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. ஈ பிசி 701இன் செலரானும் ஆட்டம் என்270உம் 32 பிட் செயலிகள். 2010இல் வந்த என்450 முதலானவை 64 பிட் நிரல்களையும் இயக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் எதிர்காலம் வேறு. குரோம் உலாவி 2016ஆம் ஆண்டிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. லுபுண்டு 18.10 பதிப்போடு நிறுத்தியது. 2023இல் வந்த டெபியன் 12 வரை 32 பிட் நிறுவியைத் தந்த டெபியன் திட்டம், 2025 ஆகஸ்ட்டில் வந்த 13ஆம் பதிப்பில் அதை விட்டுவிட்டது. எனவே பழைய நெட்புக்கை வாங்கவோ சீரமைக்கவோ எண்ணுபவர் முதலில் செயலியின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு முரணும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தபோது, உலகின் பெரும்பாலான புதிய இன்டெல் செயலிகள் பாதிக்கப்பட்டன. பழைய நெட்புக்கின் ஆட்டம் செயலி பாதிக்கப்படவில்லை. கட்டளைகளை வரிசை மாற்றாமல் ஒவ்வொன்றாகச் செய்யும் அதன் எளிய அமைப்பே காரணம். மெதுவாக இருக்கிறது என்று எதைக் குறை கூறினார்களோ, அதுவே காப்பாகவும் அமைந்தது.

இன்றைய பயன்

பணி ஓய்வுக்குப் பின் என்னிடம் வந்த நெட்புக், உறவுக்காரப் பையன் ஒருவன் செல்பேசி வாங்கியபின் ஒதுக்கியது. பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன். பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்றார்கள். 2 ஜிபி சில்லும், வேறொரு கணினியிலிருந்து எடுத்த எஸ்எஸ்டியும் போட்டு, ஆன்டிஎக்ஸ் நிறுவ ஒரு பிற்பகல் ஆயிற்று. இக்கட்டுரையின் முதல் வரைவை அதில்தான் தட்டச்சிட்டேன். தெருவில் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதே கணினியில் பைத்தான் பழகுகிறாள். அவள் எழுதும் பத்து வரி நிரலுக்கு 1.6 கிகாஹெர்ட்ஸ் தாராளம். செல்பேசியில் பார்த்துப் படித்ததை விசைப்பலகையில் எழுதிப் பார்க்க அவளுக்கு வேறு கருவி இல்லை.

எல்லா வேலைக்கும் இது ஆகாது. காணொலி வகுப்பு, படத்தொகுப்பு, கனமான வலைத்தளங்கள் ஆகியவற்றுக்குப் புதிய கணினியே வேண்டும். எழுதுதல், மின்னூல் படித்தல், நிரல் பழகுதல், வீட்டுக் கோப்புகளைப் பிணையத்தில் வைத்துப் பகிர்தல் ஆகியவற்றுக்கு இது போதும். மின்னேற்றியின் அளவே 40 வாட்டுக்குள் என்பதால் மின்செலவும் சிறிது.

ஐக்கிய நாடுகள் சார்ந்த உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உண்டாயிற்று. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நெட்புக்கை மீட்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. ஆனால் அடுத்து ஒரு கணினி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை அது கற்றுத்தருகிறது. நினைவகத்தைக் கூட்ட முடியுமா? மின்கலத்தை நாமே மாற்ற முடியுமா? நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் வேறு இயங்குதளம் நிறுவ முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், அக்கணினி இன்னொரு மாணவருக்கும் பயன்படும்.